வேங்கடக் காட்டின் மாந்தர்: வழிச்செல்வோர் பதிவுகளும் பழங்குடி வரலாறும்

முன்னுரை

தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் சுட்டும் வேங்கடம், தமிழர் நினைவில் இருவகையாக இடம்பெற்றுள்ளது. ஒன்று, மொழியின் எல்லை. மற்றொன்று, திருமால் உறையும் திருமலை. இவ்விரு நிலைகளிலும் வேங்கடம் பற்றி எழுந்துள்ள ஆய்வுகள் பல. ஆனால் வேங்கடம் ஒரு காடு என்பதும், அக்காட்டில் மாந்தர் வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர் என்பதும் ஆய்வுலகில் உரிய அளவு கவனம் பெறவில்லை.

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பரவியுள்ள இம்மலைக்காடுகள் இன்று தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், உயிர்க்கோளக் காப்பகம் என்னும் பெயர்களால் அறியப்படுகின்றன. இயற்கையைக் காணவும் மலையேறவும் பழங்குடிப் பண்பாட்டை அறியவும் பயணிகள் இங்கு வருகின்றனர். அவ்வாறு வருவோருக்கு இம்மலைமாந்தர் எவ்வாறு அறிமுகமாகின்றனர் என்னும் வினா, ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. சங்கப் பாடல் தொடங்கி இன்றைய வனத்துறை ஆவணம் வரை வேங்கடத்து மாந்தர் பற்றிய பதிவுகள் பெரும்பாலும் அவ்வழியே சென்றோரும் அங்கு ஆட்சி செய்தோரும் விட்டுச்சென்றவையே. அப்பதிவுகளை வரிசைப்படுத்தி நோக்குவதும், அவற்றின் ஊடாக மலைமாந்தரின் வாழ்வு எவ்வளவு புலப்படுகிறது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேங்கடம்: எல்லையும் வழியும்

அகநானூற்றில் வேங்கடத்தைப் பாடும் பாடல்கள் பெரும்பாலும் பாலைத்திணையைச் சார்ந்தவை. பொருள்வயிற் பிரிந்த தலைவன் கடந்து செல்லும் வழியாகவே அங்கு வேங்கடம் வருகிறது. மாமூலனார், கல்லாடனார் ஆகிய இருவரும் இம்மலையை மிகுதியாகப் பாடிய புலவராவர். குளிர்ந்த சோலைகளையுடைய வேங்கடத்துக்கு அப்பால் மொழி வேறுபடும் நிலம் தொடங்குகிறது என்பது மாமூலனார் கூற்று (அகம். 211). புல்லி என்பானின் குன்றத்தைக் கடந்தால் வில்லேந்திய வடுகர் கள்ளுண்டு ஆரவாரிக்கும் நாடு வரும் என்கிறது அவரது மற்றொரு பாடல் (அகம். 295). தொண்டையர்க்குரிய வேங்கடத்தின் உயர்ந்த முகடுகளையும் வெள்ளிய அருவிகளையும் தாயங்கண்ணனார் பாடுகிறார் (அகம். 213). இன்று திருப்பதி மாவட்டத்தில் ஏறத்தாழ 270 அடி உயரத்திலிருந்து வீழும் தலக்கோனை அருவியைக் காண்போர்க்கு அவ்வருணனை மிகையெனத் தோன்றாது.

ஆயினும் இப்பாடல்களின் நோக்குநிலையை மறத்தலாகாது. பேசுவோர் தலைவி, தோழி முதலியோர். அவர்கள் தெற்கே ஊரில் இருப்பவர்கள். தலைவன் கடக்கும் மலை அவர்களுக்கு அச்சத்துக்குரியது. எனவே வேங்கடத்து மாந்தர் இங்கு வழிச்செல்வோரின் அச்சத்தின் ஊடாகவே முதலில் தோன்றுகின்றனர். இதற்குப் புறநடையாக அமைவது கல்லாடனாரின் புறப்பாடல். வேங்கடத்தைச் சார்ந்த வடபுலத்தில் பசி நேர்ந்தமையால் தம் சுற்றத்தோடு தெற்கே வந்ததாக அவர் பொறையாற்றுக் கிழானிடம் கூறுகிறார் (புறம். 391). வேங்கடப் பகுதியிலிருந்து வந்தவராகத் தம்மைச் சுட்டும் ஒரு புலவரின் குரலை இங்குக் கேட்க முடிகிறது. அவர் கூறும் செய்தி வழிப்பறி பற்றியதன்று. வறட்சி பற்றியது என்பது நோக்கத்தக்கது.

அகப்பாடல்களில் மலைமாந்தர்

அச்சத்தின் பின்னணியில் அமைந்திருப்பினும், இப்பாடல்கள் தரும் வாழ்வியற் செய்திகள் செறிவானவை. அவற்றை நான்காக வகைப்படுத்தலாம்.

முதலாவது, வேட்டை. வலிய வில்லில் நாணேற்றி அம்பெய்யும் மறவர் யானையின் வெண்கோடுகளைக் கொண்டு வருதலும், கள்விற்றுப் பெற்ற நெல்லால் நாளோலக்க மகிழ்ச்சி கொண்டாடுதலும் அகம். 61இல் கூறப்பட்டுள்ளன. மலைபடு பொருளுக்கும் சமவெளியின் நெல்லுக்கும் இடையே பண்டமாற்று நிகழ்ந்தமை இதனால் புலப்படும். காடும் வயலும் ஒன்றையொன்று சார்ந்திருந்தன.

இரண்டாவது, யானைக்கன்று பிடித்தல். மராமரத்தின் புதுப்பூவைச் சூடிய இளைஞர்கள், தாய்யானை கதறக் கன்றைப் பிடித்து, மரநாரால் கட்டிக் கொண்டுவந்து, கள் விற்கும் மனையின் வாயிலில் பிணிக்கும் காட்சியைக் கல்லாடனார் காட்டுகிறார் (அகம். 83). அவ்விளைஞரின் தலைவனும் புல்லியே.

மூன்றாவது, புன்செய் வேளாண்மையும் உணவும். இவ்வகையில் மாமூலனாரின் அகம். 393 தனிச்சிறப்புடையது. பழங்கொல்லை மேட்டில் விளைந்த வரகின் கதிர்களை அகன்ற பாறையில் இட்டு உதிர்த்தல், தோல் நீக்கிச் சுளகால் புடைத்தல், பூண் கட்டிய உலக்கையால் உரலிற் குற்றுதல், சுனைநீரை முகந்து கல்லடுப்பில் பானையேற்றிச் சமைத்தல், கொன்றைப் பூந்தாது போன்ற அச்சோற்றைப் பாலொடு பகிர்ந்துண்ணல் எனப் படிப்படியாக ஒரு வேளை உணவு ஆக்கப்படும் முறையை அப்பாடல் விளக்குகிறது. தேனடைகள் தொங்கும் மலைநாடு என்ற குறிப்பும் அதில் உண்டு. வேட்டையும் கொள்ளையும் மட்டுமே தொழிலாகக் கொண்டவர் வேங்கடத்தார் என்னும் கருத்தை இப்பாடல் ஒன்றே மறுத்துவிடும்.

நான்காவது, விருந்தோம்பல். புல்லியின் நன்னாட்டில், இளங்காளையின் கழுத்தில் கட்டிய மூங்கிற்குழாயில் வைத்திருந்த இனிய புளிச்சோற்றை, நடந்து களைத்துப் பசியால் காதடைத்துப் போன வழிப்போக்கர்க்குக் கோவலர் தேக்கிலையில் பகிர்ந்தளித்தனர் என்கிறது அகம். 311. வேங்கடத்து மாந்தரைக் கண்டு அஞ்சிய வழிச்செல்வோர் அவர்தம் கையாலேயே உண்டனர் என்பதும் அதே தொகைநூலில் பதிவாகியுள்ளது.

'கள்வர்' என்னும் பெயர்

புல்லியை மாமூலனார் 'கள்வர் கோமான்' எனக் குறிப்பிடுகிறார். அதே பாடலில் அவனது வண்மையும் விழாக்கள் மிக்க வேங்கடத்தின் சிறப்பும் போற்றப்படுகின்றன (அகம். 61). எனவே இங்குக் 'கள்வர்' என்பது இழிபொருளில் வந்ததன்று, ஒரு குடிப்பெயர் எனக் கொள்வோர் உளர். 'களவர்' எனப் பாடங்கொண்டு, பிற்காலக் களப்பிரரோடு அக்குடியினரைத் தொடர்புபடுத்திய வரலாற்றறிஞர்களும் உளர். திருப்பதி வரலாற்றை விரிவாக எழுதிய எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். இவ்விவாதம் முடிவு பெற்றதெனக் கூறவியலாது.

இக்கட்டுரைக்கு வேண்டுவது வேறொரு செய்தி. அப்பெயரின் மூலம் எதுவாயினும், அதனை இன்று நமக்குத் தருவன வெளியிலிருந்து நோக்கிய பாடல்களே. அக்குடியினர் தம்மை எவ்வாறு அழைத்துக்கொண்டனர் என்பதற்கு அவர்தம் கூற்றாகச் சான்றில்லை. குடிப்பெயராக இருந்திருக்கக்கூடிய ஒரு சொல், பிற்காலத்தார் காதில் குற்றப்பெயராக மட்டுமே ஒலிக்கும் நிலை ஏற்பட்டது. மலைமாந்தரைக் குற்றத்தோடு இணைத்துப் பெயரிடும் இவ்வழக்கம் பின்னைய நூற்றாண்டுகளில் வேறு வடிவங்களில் தொடர்வதைக் காணலாம்.

ஆழ்வார் பாசுரங்களும் கல்வெட்டுகளும்

பக்தி இலக்கியத்தில் வேங்கடத்தின் நிலை மாறுகிறது. கடந்து செல்லும் மலையாக இருந்தது சென்றடையும் மலையாகிறது. சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் வேங்கடத்து நின்ற திருமாலைக் கூறுவது இம்மாற்றத்தின் தெளிவான அடையாளம். ஆழ்வார்கள் காடு அழியாத வேங்கடத்தையே பாடினர். களிறு இளமூங்கிலைத் தேனில் தோய்த்துப் பிடிக்கு ஊட்டும் காட்சி பூதத்தாழ்வாரின் இரண்டாம் திருவந்தாதியில் உண்டு. காட்டுப்பன்றி கிளறிய சாலில் குறவர் தினை விதைப்பதைப் பேயாழ்வார் மூன்றாம் திருவந்தாதியில் பாடுகிறார். உழவு மாடும் ஏரும் இன்றி, விலங்கு கிளறிய மண்ணைப் பயன்கொள்ளும் மலைவேளாண்மையின் பதிவாக இப்பாசுரம் அமைகிறது. மாமூலனாரின் வரகும் பேயாழ்வாரின் தினையும் ஒரு தொடர்ச்சியைக் காட்டுகின்றன.

கல்வெட்டுகளில் இத்தொடர்ச்சி அறுபடுகிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானக் கல்வெட்டுகளைச் சாது சுப்பிரமணிய சாஸ்திரி ஆராய்ந்து 1930ஆம் ஆண்டு முதல் வெளிவரச் செய்தார். விசயநகரக் காலத்துக்கு முற்பட்டவை பெரும்பாலும் தமிழிலேயே அமைந்துள்ளன. பல்லவ, சோழர் காலத்து நாட்டுப் பிரிவுகள், நிலக்கொடைகள், விளக்குக் கொடைகள், அமுதுபடிகள் முதலியன அவற்றால் அறியப்படுகின்றன. கோயிலுக்குக் கொடுத்தோர், பெற்றோர், காத்தோர் ஆகியோரைக் கூறுவதே கல்வெட்டின் பணி. நிலவுடைமையோ கொடையளிக்கும் வளமோ இல்லாத காட்டுக்குடியினர்க்கு அங்கு இடமில்லை. ஆவணத்தில் இன்மை வாழ்வில் இன்மையாகாது என்னும் வரலாற்றியல் உண்மை இங்கு நினைக்கத்தக்கது.

காடு காப்புக்காடாதல்

ஆங்கிலேயர் ஆட்சியில் திருப்பதியை உள்ளடக்கிய சந்திரகிரி வட்டம் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911 ஏப்ரல் 1இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. அதற்கு முன்பே 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் இம்மலைகளைக் காப்புக்காடுகளாக்கத் தொடங்கியிருந்தது. தேன், கிழங்கு, விறகு, மூங்கில், மேய்ச்சல் ஆகியவற்றுக்காகக் காட்டுக்குள் செல்லுதல், உரிமை என்னும் நிலையிலிருந்து சலுகை என்னும் நிலைக்கும், சலுகை மறுக்கப்பட்ட இடங்களில் குற்றம் என்னும் நிலைக்கும் மாறியது.

இதே காலத்தில் 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஊர் ஊராகச் சென்று உப்பும் கூடையும் விற்றும் குறிசொல்லியும் வாழ்ந்த குறவர், எருக்கலர் முதலியோர் பிறப்பாலேயே குற்றவாளிகளெனப் பதிவு செய்யப்பட்டனர். இருப்புப் பாதையும் சாலையும் அவர்தம் பொதிமாட்டு உப்பு வணிகத்தை அழித்த பின்னரே அவர்கள்மீது இப்பெயர் சுமத்தப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1947இலும் இந்தியா முழுவதும் 1952இலும் இச்சட்டம் நீக்கப்பட்டது. எனினும் சட்டம் இட்ட பெயர் ஊராரின் நாவிலிருந்து அத்துணை விரைவில் நீங்கவில்லை.

யானாதியரும் எருக்கலரும்

சித்தூர், திருப்பதி, நெல்லூர்ப் பகுதிகளின் முதன்மையான பழங்குடியினர் யானாதியர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்னும் தொகுதிகளில் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். மஞ்சி, சல்ல, கப்பல, அடவி என்னும் உட்பிரிவுகளையும், மூலிகையறிவையும், தேன் சேகரிப்பையும், செஞ்சுக்களோடு இவர்க்குள்ள தொடர்பையும் அவர் குறித்துள்ளார். அவருடைய நூல் சாதிவாரியான குணங்களை வகுத்துரைக்கும் காலனிய நோக்குடையது. ஆயினும் தரவு வளம் மிக்கது. யானாதியரிடையே நெடுங்காலம் பணியாற்றிய வெண்ணெலகண்டி ராகவையா 1962இல் வெளியிட்ட 'யானாதியர்' என்னும் நூல், அவர்தம் உரிமைக்குக் குரல்கொடுத்த ஒருவரின் பதிவு என்ற வகையில் வேறுபட்டு நிற்கிறது.

யானாதியரின் அண்மைக்கால வரலாற்றில் சிறீஅரிகோட்டைத் தீவு சிறப்பிடம் பெறுகிறது. 2022 ஏப்ரல் 4இல் உருவாக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் இத்தீவு இன்று அடங்கியுள்ளது. அத்தீவை அரசு 1835இல் கையகப்படுத்தியபோது அங்கு வாழ்ந்த யானாதியர் காட்டுப்பொருள் சேகரிப்பில் ஈடுபடுத்தப்பட்டனர் என்பது தர்ஸ்டன் தரும் செய்தி. 1969இல் ஏவுதளத்துக்காக அத்தீவு தெரிவு செய்யப்பட்டதும் காடு சார்ந்த அவர்தம் வாழ்வு குலைந்தது; குடியிருப்புகள் பெயர்க்கப்பட்டன. 1971 அக்டோபரில் முதல் ஆய்வு ஏவூர்தி அங்கிருந்து விண்ணிற் பாய்ந்தது. அத்தீவின் முந்தைய குடிகளின் வரலாறு அவ்வெற்றியின் பக்கத்தில் எழுதப்படவில்லை.

எருக்கலர் தமிழாய்வாளர்க்கு மிக நெருங்கியவர். இவர்கள் தம்மைக் 'குறு' என அழைத்துக்கொள்வர். தெலுங்கில் 'எருக்க' என்பது அறிவையும் குறிசொல்லுதலையும் குறிக்கும். இவர்தம் மொழி தென்திராவிடக் குடும்பத்தைச் சார்ந்தது. தமிழோடு மிக நெருங்கிய உறவுடையது என்பது மொழியியலார் கருத்து. தெலுங்கு வழங்கும் நிலத்தின் நடுவே, எழுத்து வடிவும் பள்ளியும் இன்றி, வீட்டு வழக்காகவே இம்மொழி வாழ்ந்து வந்துள்ளது.

வேங்கடத்துக்கு அப்பால் மொழி மாறும் என்றனர் சங்கப் புலவர். அரசர்க்கும் வணிகர்க்கும் அது மெய்யே. ஆனால் மலைக்கு இருபுறமும் உலவிய குடியினர்க்கு அவ்வெல்லை அத்துணைக் கூர்மையானதன்று என்பதை எருக்கலர் மொழி காட்டுகிறது. 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோதும், வடவெல்லைப் போராட்டத்தின் விளைவாகப் படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி முதலிய பகுதிகள் தமிழகத்தோடு இணைந்தபோதும், ஊர்களின் மொழிப் பெரும்பான்மை கணக்கிடப்பட்டது. இரு மொழிக்கும் இடையே வாழ்ந்த இத்தகைய குடிகளின் மொழியைத் தமிழ்த்துறைகள் இனியேனும் முறையாகப் பதிவு செய்தல் வேண்டும்.

சரணாலயமும் மலையேற்றமும்

விடுதலைக்குப் பின் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காடுகளுக்குப் புதிய நிலையைத் தந்தது. 1989இல் சிறீவேங்கடேசுவரா தேசியப் பூங்கா ஏறத்தாழ 353 சதுர கிலோமீட்டரில் அமைந்தது. 1990இல் பலமனேர், குப்பம் பகுதிகளில் ஏறத்தாழ 358 சதுர கிலோமீட்டரில் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2010இல் சேசாசலம் மலைகள் 4,755 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயிர்க்கோளக் காப்பகமாயின.

இக்காடுகளின் உயிர்வளம் தனித்தன்மையுடையது. பெடோம் என்பார் 1870இல் திருப்பதி மலையிலிருந்து விவரித்த பொன்னிறப் பல்லி, அவர் பெயர் பெற்ற சைகஸ் பெடோமி என்னும் ஈந்துப்பனை போன்ற தொன்மைத் தாவரம், கிழக்குத் தொடர்ச்சி மலையின் இப்பகுதிக்கே உரிய செம்மரம் ஆகியன குறிப்பிடத்தக்கவை. குறிஞ்சிப் பாடல்களில் பயிலும் வேங்கை மரமும் செம்மரமும் தாவரவியலில் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை.

கௌண்டின்யா சரணாலயத்தின் வரலாறு இலக்கிய மாணவர்க்குச் சுவை தருவது. சங்கப் பாடல்களும் பாசுரங்களும் யானைகள் நிறைந்த மலையாக வேங்கடத்தைக் காட்டுகின்றன. ஆனால் பிற்காலத்தில் நெடுங்காலம் இப்பகுதியில் யானைகள் இல்லாதிருந்தன. 1980களில் தமிழக, கருநாடகக் காடுகளிலிருந்து யானைக்கூட்டங்கள் சித்தூர் மாவட்டத்துக்குள் வந்தன. அவற்றின் வருகையே சரணாலயம் தோன்றக் காரணமாயிற்று. மாநில எல்லையை அறியாத யானைகள் பழைய வாழிடத்தை மீண்டும் நாடின. ஆயின் இடைக்காலத்தில் அங்கு வயல்கள் எழுந்துவிட்டமையால் பயிரழிவும் உயிரிழப்பும் இருபுறமும் நிகழ்ந்து வருகின்றன.

மலையேற்றம் இங்குப் புதிய பொழுதுபோக்கன்று. 1944இல் மலைப்பாதையில் ஊர்தி செல்லும் சாலை திறக்கப்படும் வரை அடியவர் அனைவரும் நடந்தோ டோலியிலோதான் திருமலையை அடைந்தனர். இன்றும் அலிபிரி, சீவாரிமெட்டு வழிகளில் பல்லாயிரவர் நடக்கின்றனர். தைப் பௌர்ணமியில் இராமகிருஷ்ண தீர்த்தம், மாசியில் குமாரதாரை, பங்குனியில் தும்புரு தீர்த்தம் எனக் காட்டின் உட்புறச் சுனைகளுக்கு ஆண்டுக்கொருமுறை மக்கள் திரளாகச் செல்வர். இவ்வழிகள் வனவிலங்குகளின் வாழிடத்தை ஊடறுத்துச் செல்கின்றன. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் ஒரு சிறுமி சிறுத்தையால் உயிரிழந்தமை அதனைத் துயரத்தோடு நினைவூட்டியது.

காட்டுக்குள் செல்வோர்க்கு விலங்கின் தடம், நீர் இருக்கும் இடம், தீங்கற்ற கிழங்கு ஆகியவற்றை அறிந்த உள்ளூரார் இன்றியமையாதவர். வழிகாட்டிகளாகவும் காவற்பணியாளர்களாகவும் அவர்தம் அறிவு பயன்படுகிறது. ஆனால் அவ்வறிவின் உரிமையாளராக அவர்கள் மதிக்கப்படுகின்றனரா என்பது வேறு வினா. பயணக் கையேடுகளில் பழங்குடிப் பண்பாடு என்பது அருவிக்கும் பறவைக்கும் அடுத்துக் காணத்தக்க மூன்றாம் காட்சியாகவே பட்டியலிடப்படுகிறது. வழிச்செல்வோரின் பழைய நோக்கு இங்கு அச்சத்திலிருந்து வியப்பாக மாறியுள்ளது. நோக்குவோரின் இடம் மாறவில்லை.

செம்மரமும் இருபுறத்து வறியோரும்

சேசாசலம் காட்டின் மிகக் கொடிய அண்மைக்கால வரலாறு செம்மரத்தைச் சார்ந்தது. சாயத்துக்காக ஐரோப்பிய வணிகக் குழுமங்கள் சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றுமதி செய்த மரம் இது. பின்னர் சப்பானிய இசைக்கருவிகளுக்கும் சீன மரச்சாமான்களுக்கும் வேண்டப்பட்டது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995இல் சேர்க்கப்பட்டது. விலையேற்றம் கடத்தலைப் பெருக்கியது. மரம் வெட்டும் தொழிலறிந்த மலைவாழ் மக்கள், தமிழகத்தின் ஜவ்வாது மலை முதலிய இடங்களிலிருந்து, நாட்கூலிக்கு இடைத்தரகரால் அழைத்துச் செல்லப்பட்டனர்.

2013 டிசம்பரில் சேசாசலம் காட்டில் வனத்துறையினர் இருவர் மரம் வெட்டுவோரால் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7இல் சந்திரகிரியை அடுத்த காட்டில் தமிழகத் தொழிலாளர் இருபதின்மர் ஆந்திரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களின் மலைவாழ் மக்களும் அவர்களுள் இருந்தனர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. இறந்தோரின் குடும்பத்தாரும் மனித உரிமை அமைப்பினரும் அதனை மறுத்தனர். தேசிய மனித உரிமை ஆணையமும் இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இந்நிகழ்வைச் சட்டத்தின் கூறாக மட்டும் காணாமல் வரலாற்றின் கூறாகவும் காண வேண்டும். வேங்கடத்துக்கு அப்பால் பொருள்தேடிச் சென்று திரும்பாத கணவனை எண்ணித் தலைவி வருந்துவது அகப்பாட்டின் மரபு. 2015இல் அம்மரபு உவமையாக அன்றி உண்மையாகவே மலையூர்களில் நிகழ்ந்தது. இறந்தோர் செய்தித்தாள்களில் பெரும்பாலும் ஒரு தொழிற்பெயராலும் ஒரு குற்றப்பெயராலுமே சுட்டப்பட்டனர். மரத்தை விலைக்கு வாங்கியோர் அச்சொல்லால் அத்துணை எளிதில் சுட்டப்படவில்லை. காட்டைக் காத்தலும் இன்றியமையாதது. காவற்பணியில் இறந்தோரும் எளிய குடும்பத்தினரே. இருபுறத்து வறியோரும் இறந்தனர் என்பதே இம்மலையின் அண்மைக்கால வரலாறு.

ஆய்வுக்குரிய பணி

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சரணாலயங்களும் தேசியப் பூங்காக்களும் உள்ளிட்ட வனநிலங்களில் பழங்குடியினர்க்குள்ள உரிமைகளை ஏற்கிறது. அவ்வுரிமையை நிறுவச் சான்று வேண்டும். பட்டாவும் வரி இரசீதும் இல்லாத, இடம்பெயர்ந்து வாழ்ந்த யானாதியர் போன்றோர்க்கு இது கடினம். இதனை உணர்ந்தே 2008ஆம் ஆண்டின் விதிகள், எழுத்தில் பதிவு செய்யப்பட்ட முதியோர் கூற்றையும், புகழ்பெற்ற நிறுவனங்கள் செய்த வழக்காற்றுப் பதிவுகளையும் ஆய்வுகளையும் சான்றுகளாக ஏற்கின்றன.

தமிழாய்வாளர்க்கு இதில் நேரடிப் பொறுப்பு உண்டு. மலையின் சுனைப்பெயர், பாறைப்பெயர், தேன்பாறைகளின் உரிமை முறை, தெய்வ இடங்கள், கிழங்கு தோண்டும் பருவம், வாய்மொழிப் பாடல் ஆகியவற்றைச் சொல்வோரின் ஒப்புதலோடு அவர்தம் மொழியிலேயே பதிவு செய்தல் இலக்கிய ஆய்வாக மட்டும் நில்லாது, ஒரு குடும்பம் தன் காட்டுரிமையை நிறுவும் ஆவணமாகவும் ஆகலாம். தமிழ், தெலுங்குத் துறைகள் இணைந்து செய்யவேண்டிய பணி இது. திருப்பதியிலுள்ள பல்கலைக்கழகங்கள் மலையின் அடிவாரத்திலேயே அமைந்துள்ளமை இதற்குப் பெரிதும் துணைசெய்யும்.

முடிவுரை

வேங்கடத்து மாந்தர் சங்கப் பாடலில் கள்வராகவும், காலனியச் சட்டத்தில் குற்றப் பரம்பரையினராகவும், இன்றைய செய்தியில் கடத்தலுக்குத் துணைபோவோராகவும் பெயரிடப்பட்டுள்ளனர். இப்பெயர்களுக்குரிய குடிகள் ஒரே குடியினர் என இக்கட்டுரை கூறவில்லை; பெயரிடும் முறையே ஒன்றெனக் கூறுகிறது. அப்பெயர்களுக்கு அடியில் வரகு குற்றியவர், தினை விதைத்தவர், தேனெடுத்தவர், மூலிகை அறிந்தவர், தம் மொழியைக் காத்தவர் ஆகியோரின் வாழ்வு தொடர்ந்து வந்துள்ளது. அதற்கான சான்றுகள் அதே இலக்கியங்களிலும் ஆவணங்களிலும் உள்ளன. அவற்றைத் தேடிக் காண்பதே ஆய்வாளர் கடன்.

சரணாலயத்தைக் காணச் செல்வோரும் இம்மலையில் முன்பு நடந்த வழிச்செல்வோரின் வழித்தோன்றல்களே. களைத்து வந்தவர்க்குத் தேக்கிலையில் புளிச்சோறு பகிர்ந்தவரின் நாடு இது என்னும் நினைவோடு செல்வாராயின், காட்டில் காணத்தக்கவை எவை என்பதோடு, காட்டுக்கு உரியவர் யாவர் என்னும் வினாவும் அவர்தம் உள்ளத்தில் எழும்.